சொந்தக்காரி இல்லாத ரத்தக்கட்டு

எங்கள் சந்து முனையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் எழுதுகிறவன் நான். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அப்துல் வஹீத் யாரென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டைலர் பாய் என்றால் கடற்கரை நாய்கூட வழி காட்டும். என் தையல் மெஷினுக்கும் பலகைக்கும் நடுவே மூன்றடி தூரம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பதினெட்டு வருஷமாகச் சாக்பீஸ் என்னிடம்தான். தண்ணீர் லாரி வரும் நேரம், யார் வீட்டில் சாவு, எங்கள் பெண்கள் கபடிக் குழுவின் ஸ்கோரும் சேதியும், இந்த மூன்றைத் தவிர வேறெதையும் ஏற்ற மாட்டேன். கட்சிக்காரன் வந்து கெஞ்சினாலும் மாட்டேன். போன ஐப்பசியில்தான் நான்காவதாக ஒன்று ஏறியது. 'அன்பு – 9' என்று எழுதினேன். ஒன்பதுக்குப் பின்னால் ஆயிரம் என்று போடவில்லை. அது சந்துக்கே தெரிந்திருந்தது.

அன்பு என்பது அன்புச்செல்வி. நாகராஜ், சுப்பம்மா தம்பதிக்கு ஒரே மகள். நாகராஜ் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். சுப்பம்மா கடற்கரைச் சாலையோரம் மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். வாங்கியவர்கள் நீட்டும் வஞ்சிரமோ சங்கராவோ, செதில் சுரண்டி, செவுள் கிள்ளி, குடல் எடுத்துத் துண்டு போட்டுக் கையில் கொடுக்க அவளுக்கு நாலு நிமிஷம். பேச்சும் அதே வேகம்தான். மகளுக்கு வேகம் தாயிடமிருந்து, அழுத்தம் தகப்பனிடமிருந்து. இரண்டும் சேர்ந்தால் கபடியில் நல்ல கார்னர்க்காரி கிடைப்பாள். அன்பு இடது கார்னர். பாடி வருகிறவளின் கணுக்கால் அவள் கைக்குள் விழுந்தால், திரும்பிப் போய்க் கோட்டைத் தொடுவது அவ்வளவுதான்.

அந்தப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் மணலில் ஆடி முடித்ததும் கவிழ்த்துப் போட்ட படகின் ஓரத்தில் உட்கார்ந்து, உடம்பில் கன்னிப்போன இடங்களை எண்ணுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரி உண்டு. "இது வர்ஷினி முட்டி, இது அவளோட குதிங்காலு, இது நான் உன்ன தூக்கறப்போ ஒன் பல்லு" என்று நகை காட்டுவது போலக் காட்டுவார்கள். வாங்கினவள் திட்டுவாள். கொடுத்தவள் பெருமைப்படுவாள். அதனால்தான் கண்டுபிடிக்கவும் முடிந்தது, அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமும் ஆனது. உடம்பெல்லாம் நீலம் பாரித்த பெண்ணைப் பார்த்தால் வேறு சந்தில் பதறியிருப்பார்கள். எங்கள் சந்தில், நல்லா ஆடுறா என்றார்கள்.

ஒருநாள் அன்புவின் மேல்கையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம். யாருடையது என்று கேட்டாள். வர்ஷினி தன்னுடையது இல்லை என்றாள். மற்றவர்களும் கை விரித்தார்கள். அழுத்திப் பார்த்தால் வலியும் இல்லை.

"ஆள் யார்னே தெரில, வலியும் இல்ல. பேய் புட்சி இட்டுக்கினு போவ பாத்துதோ இன்னாவோ," என்று அன்பு சிரித்தாள். கூட உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். என் கடையிலிருந்து கேட்ட நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

பிறகு வயிற்றில் ஒன்று, முதுகில் ஒன்று. முழங்காலுக்குக் கீழே ரவையைத் தூவிய மாதிரிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மணல் பூச்சி கடித்திருக்கும் என்று சுப்பம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். பல் தேய்த்தால் நுரை சிவந்தது. பிரஷ்ஷை மாற்றச் சொன்னார்கள். ஒரு மதியம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனவளுக்கு மீன் கடையில் மூக்கிலிருந்து ரத்தம் இறங்க ஆரம்பித்தது. இரண்டு மணிக்குத் தொடங்கியது மூன்றேகாலுக்கும் நிற்கவில்லை. நாகராஜ் கடலில். நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன். மூன்று பள்ளிக்கூடச் சட்டைக்கு வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணி அத்தனையும் அவள் முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஒரு துண்டுகூட வெள்ளையாகத் திரும்பவில்லை.

மழைக்காலம். வீட்டுக்கு வீடு டெங்கு. ரத்த அணு எண்ணிக்கை ஒன்பதாயிரம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் எல்லோரும் டெங்கு என்றோம். காய்ச்சலே இல்லையே என்று யாரும் யோசிக்கவில்லை. நான் இந்திரா நகர் வரைக்கும் சைக்கிள் மிதித்து, பங்களா வீட்டுத் தோட்டத்தில் கெஞ்சி ஒரு கட்டுப் பப்பாளி இலை கொண்டுவந்துவிட்டேன். இலையும் கையுமாக வார்டுக்குள் நுழைந்தபோது அங்கே டாக்டர் மதுவந்தி நின்றிருந்தார். மயிலாப்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்புவின் பக்கம் திரும்பினார்.

அவர் சொன்னதை நான் பிறகு சந்தில் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ரத்தத்தில் பிளேட்லெட் என்று சின்னச் சின்ன அணுக்கள் இருக்கின்றன. எங்கே கசிந்தாலும் ஓடிப்போய் அடைப்பது அவற்றின் வேலை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இவளுக்கு டெங்கு இல்லை, அந்தச் சோதனையெல்லாம் பார்த்தாயிற்று. இது வேறு.

"நோய்க்கிருமியப் பிடிக்கறதுக்குன்னு உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கில்லியா, அது உன்னோட பிளேட்லெட்டையே எதிரின்னு நினைச்சிண்டு அழிச்சிண்டிருக்கு. நீ பண்ணின தப்பு ஒண்ணும் இல்ல. ஏன் வர்றதுன்னு பல பேருக்குச் சொல்லவே முடியாது," என்றார்.

அன்பு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, "நம்ம ரெய்டு போறவள நம்ம கார்னரே கால புட்சி வெளிய தள்ற மாரி," என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இனிமே எல்லாருக்கும் நான் இப்படியே சொல்லப்போறேன்."

ரத்தம் ஏற்றுவது போலப் பிளேட்லெட்டை ஏற்றிவிடலாமே, சந்தில் இருபது பேர் கை நீட்டுவோமே என்று நான் கேட்டேன். ஏற்றினால் அதையும் அதே காவல் அழித்துவிடும், உயிருக்கு ஆபத்தான கசிவு வந்தால்தான் அந்த வழி என்றார். முதலில் காவலை அடக்க வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் சாப்பிட்டதும் ஏழு. உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் போய் வலி மாத்திரை வாங்கக் கூடாது, அது இருக்கிற பிளேட்லெட்டையும் தூங்க வைக்கும். தலையில் அடி படவே கூடாது. கடைசியாக என் கட்டைக் காட்டி, "இது டெங்குக்கே நிச்சயம் இல்ல. இதுக்கு வேண்டவே வேண்டாம், பாய்," என்றார். எனக்குச் சுருக்கென்றது. படித்தவர்களுக்கு இலை என்றால் இளக்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்போ ஆட எறங்கலாம் மேடம்?" என்று அன்பு கேட்டாள்.

"எழுபத்தஞ்சாயிரம் வரட்டும். அப்பறம் பேசலாம்."

அவள் ஏன் கேட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். இன்னும் நாற்பத்திரண்டு நாளில் தேர்வு. ஓர் அரசு நிறுவனம் பெண்கள் கபடி அணி புதிதாக எடுக்கிறது. எடுத்தால் வேலை. வயது வரம்பு இருபத்திரண்டு. அவளுக்கு மார்கழியில் இருபத்துமூன்று. இந்த வருஷம் விட்டால் பிறகு அந்த வாசலே கிடையாது. அந்த அறிவிப்பைப் பலகையில் எழுதியதே நான்தான்: தேதி, இடம், வயது வரம்பு, எடை எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அன்பு எழுபத்திரண்டு கிலோ இருந்தாள். அதனால் கடைசி வரியை யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் சந்துக்குப் பிடித்தது ஒரு ஸ்கோர்ப் பைத்தியம். வாராவாரம் புதன்கிழமை ரத்தம் எடுப்பார்கள், மதியத்துக்குள் எண் வந்துவிடும். பதினோரு மணியிலிருந்தே பலகை முன்னால் கூட்டம். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தாமலே, "பாய், அன்பு எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சாந்தோமிலிருந்து மீன் வாங்க வருகிற டீச்சரம்மா சங்கரா விலையை விசாரிக்கும் முன்னால் எண்ணை விசாரித்தார். முதல் வாரம் இருபத்துமூன்று. வர்ஷினியும் மற்றப் பெண்களும் பலகை முன்னாலேயே கைகோத்துச் சுற்றினார்கள். இரண்டாம் வாரம் நாற்பத்தாறு. யாரோ வெடி வைத்தார்கள். சாவு என்று நினைத்துப் பக்கத்துச் சந்திலிருந்து மாலையோடு ஒருவர் வந்துவிட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாற்பத்தாறுக்குக் கீழே 'பப்பாளி இலைக்கு ஜே' என்று எழுதினேன். டாக்டர் வேண்டாமென்ற அந்தச் சாற்றைத் தினமும் ஒரு டம்ளர் கொடுத்தது நான்தான். அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவைத்தாள்.

அவளுக்குப் பசி பிடித்ததும் அந்த நாட்களில்தான். மாத்திரை கிளப்பிவிடும் பசி அது என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் சொன்னதைக் கேட்பது வேறு, எதிரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. காலையில் எட்டு இட்லிக்கு வடகறி. பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றின சோற்றோடு சுட்ட கருவாடு. மதியம் குழம்புச்சட்டியை வழித்து வைப்பாள். நாலு மணிக்கு என் கடை வாசலில் நின்று, "மாமா, டீக்கட சம்சா சூடா கீதா பாரேன்," என்பாள். பெற்றவர்களுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும். ஒன்பதாயிரத்தில் கிடந்த பெண் தின்கிறாளே என்று சுப்பம்மா வஞ்சிரத் தலையைக் கொதிக்கக் கொதிக்க வைத்து ஊட்டினாள். முகம் பௌர்ணமி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்தார்கள்.

மீன் ஏலம் விடுகிற இடத்தில் பெட்டி எடை போட ஒரு தராசு கிடக்கும். ஒருநாள் காலை தொழுகை முடிந்து வரும்போது அன்பு அதன்மேல் ஏறி நிற்பதைப் பார்த்தேன். இறங்கினாள், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள், துப்பட்டாவைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறையும் ஏறினாள். விளையாட்டுப் பெண், விளையாடுகிறாள் என்று போய்விட்டேன்.

மூன்றாம் வாரம் முப்பத்தொன்பது. மழையில் அந்தப் பங்களா வீட்டுப் பப்பாளி மரம் சாய்ந்துவிட்டது, நாலு நாளாகச் சாறு இல்லை, அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். நாகராஜ் மழை என்றும் பாராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டிவாக்கம் வரை போய் நனைந்து நனைந்து இலை கொண்டுவந்தார். நான்காம் வாரம் பதினான்கு.

பதினான்கு என்று எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. டாக்டர் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாராம். போகிறது என்றாளாம். சிலருக்கு இந்த மருந்து கேட்காது, இன்னும் ஒரு வாரம் பார்த்து வேறு யோசிக்கலாம் என்று அனுப்பிவிட்டார். கால்களில் ரவை மறுபடியும் தூவியிருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சுப்பம்மாவின் கடையில் அன்பு உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள். கத்தியை அவள் கையில் கொடுப்பதில்லை. நான் கால் கிலோ நெத்திலியை ஆயக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். நாகராஜ் வலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்தார். குடல் வாளி நிரம்பிவிட்டதென்று சுப்பம்மா அதைக் காக்கைகளுக்குக் கொட்டினாள். கொட்டினவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். மீன் குடலுக்கு நடுவே வெள்ளையாக, பாதி கரைந்து, ஐந்தாறு மாத்திரைகள்.

அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து மகளிடம் நீட்டினாள்.

"இது இன்னாடி?"

அன்பு தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா?"

"பதினஞ்சு நாளா. ஏயுல ரெண்டுதான் போட்டுக்கறேன்," என்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "எயுவத்தாறு கிலோம்மா நானு. துன்னாம கெடந்தாலும் ஏறுது, அந்த மாத்தர போட்டா துன்னாமலும் கெடக்க முடில. டாக்டர் மேடம் எயுவத்தஞ்சு ஏறி வான்னுது. ஆள் எடுக்கறவங்க எயுவத்தஞ்சுக்கு எறங்கி வான்றாங்க. நான் யார் பேச்சத்தாம்மா கேக்கறது?"

சுப்பம்மா அடிக்கக் கை ஓங்கினாள். இன்னொரு நாளாக இருந்தால் அந்தக் கை இறங்கியிருக்கும். அடித்தால் அந்த இடம் என்ன ஆகும் என்று இப்போது தெரியும் அல்லவா, ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன் தலகாணில ரத்தத்த பாத்தவ நானு. வேலயும் வாணாம், கபடியும் வாணாம். நீ என் கண்ணு முன்னாடி குந்திக்கினு இருந்தா போதும் எனக்கு."

"குந்திக்கினே இருக்கறதுக்கு நான் எதுக்கும்மா?"

நாகராஜ் கயிற்றைக் கீழே வைத்தார். "எட விசயத்த அந்த டாக்டரம்மா கைல சொன்னியா?" என்று கேட்டார்.

"எப்டி நைனா சொல்றது? வெளையாடவே போவாதன்னுட்டா?"

"கேக்காமயே எப்டி தெரியும்? வா, கெளம்பு," என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

டாக்டர் மதுவந்தி திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனோம். மாத்திரைக் கதையைக் கேட்டதும் முதலில் பயந்துதான் போனார். இந்த மருந்தைச் சட்டென்று குறைத்தால் உடம்பே சுருண்டு விழுந்துவிடும், இந்த எண்ணிக்கையில் தலைக்குள் கசிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். அன்பு தலை குனிந்து எடைக் கதையைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எடைக்கு வரம்பு இருக்குன்னு ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சந்துக்கே தெரியும். என் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு மாதமாகப் பலகையில் இருக்கிறது. தெரிய வேண்டிய ஒருவருக்குத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே வேற மாதிரி யோசிச்சிருப்பேன். மாசக்கணக்குல போடறது ஒரு வழி. நாலே நாள் மட்டும் பெரிய அளவுல குடுத்து நிறுத்தறது இன்னொரு வழி. அதுல இந்த உப்பல் கம்மி. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா முழு மாத்திரை போட்டவரைக்கும் உனக்கு நாப்பத்தாறு வரைக்கும் ஏறியிருக்கே. உன் உடம்பு மருந்துக்குக் கேக்கற உடம்பு. நீதான் கேக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறியதும் மாத்திரையால், இறங்கியதும் மாத்திரையால். நடுவில் நான் ஒருவன் இலையை அரைத்துக்கொண்டு ஜே போட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பலகையில் அந்த வரியை ஈரத்துணியால் துடைத்தேன். என் மனைவி ஷாகிரா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, மிச்சமிருந்த இலைக்கட்டை ஆட்டுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

நாலு நாள் மருந்து டாக்டரின் கண் முன்னாலேயே வார்டில் போட்டாள். தூக்கம் கெட்டது, நெஞ்சு எரிந்தது, தகப்பனைக்கூட இரண்டு முறை திட்டினாள். கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் தடை. ஓட மட்டும் அனுமதி. விடியும்போது ஈர மணலில் அவள் ஓட, பயிற்சியாளர் செந்தில்குமார் சைக்கிளில் பின்னால் போவார். சுப்பம்மா சுரைக்காயும் மோரும் வைத்தாள். மீன்காரி வீட்டில் சுரைக்காய் வேகிற வாசனையை நான் அந்த வாரம்தான் முகர்ந்தேன். ஐந்தாம் புதன் ஐம்பத்தெட்டு. எடை எழுபத்தைந்தரை. பலகையில் முதல் முறையாக இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒன்று ஏற வேண்டும், ஒன்று இறங்க வேண்டும். இரண்டுக்கும் கோடு எழுபத்தைந்தில்.

தேர்வு நாள் புதன்கிழமையாகவே வாய்த்தது. மூன்று ஷேர் ஆட்டோ, இரண்டு மீன் வண்டி. கூட வராதீர்கள் என்று செந்தில்குமார் சொன்ன அத்தனை பேரும் வந்தார்கள். காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். டாக்டர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: இன்ன நோய், இன்ன மருந்து, இன்றைய எண்ணிக்கையைப் பார்த்த பிறகே ஆட அனுமதி. அதைத் தேர்வாளர் அம்மாவிடம் கொடுக்க வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று எங்களில் சிலர் சொன்னோம். அன்பு நேராகப் போய்க் கொடுத்துவிட்டாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, பதினொரு மணி ஆட்டத்துக்கு முன்னால் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாராம்.

எட்டு மணிக்கு எடை. வேலிக்கு வெளியே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், நாங்கள் மூச்சு விட்டால் அவளுக்கு எடை கூடிவிடும் என்பது போல. உள்ளேயிருந்து வர்ஷினி கையைத் தூக்கிக் காட்டினாள். எழுபத்துநான்கு கிலோ அறுநூறு. சுப்பம்மா கையெடுத்துக் கும்பிட்டது எந்தச் சாமியை என்று தெரியவில்லை. திசை மயிலாப்பூர்ப் பக்கம் இருந்தது.

பிறகு அன்புவும் வேலிக்கு வெளியே வந்து எங்களோடு நின்றாள், ரத்தத்தின் எண்ணுக்காகக் காத்திருந்தோம். ஒன்பது, ஒன்பதரை, பத்து. ரிப்போர்ட் என் போனுக்கு வரும். நாற்பது பேர் என் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து இருபதுக்கு அது டிங் என்றது. கண்ணாடியைத் தேடினேன், அது நெற்றியில் இருந்தது. படித்துவிட்டுப் போனை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

எழுபத்துநான்காயிரம்.

"ஆயிரந்தானே," என்றார் செந்தில்குமார். "அவ்ளோதானே கொறையுது. எறங்கும்மா, ஒண்ணும் ஆவாது." எல்லோரும் அதையே சொன்னோம். ஆயிரம் என்ன பெரிய ஆயிரம். ஒன்பதில் இருந்தவள் எழுபத்துநான்குக்கு வந்திருக்கிறாள். வர்ஷினி அழுதேவிட்டாள்.

அன்பு மட்டும் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். "எத்தினி பேர கோட்டுக்கு ஒரு வெரல் முன்னாடி புட்சி போட்டுகீறேன். ஒரு வெரல்தானே விட்ருன்னு அவளுங்க கேட்டா விட்டனா? கோடுன்னா கோடுதான் மாமா," என்றாள். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டது. நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தேன். இத்தனை வருஷம் நான் பலகையில் எழுதிய எந்த ஸ்கோரும் என்னை இப்படிச் செய்ததில்லை.

நாகராஜ் என் கையிலிருந்த போனைத் தட்டிக் காட்டினார். "டாக்டரம்மாக்கு போடு பாய். கேக்காம எப்டி தெரியும்?" என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். எண்ணைச் சொன்னதும் டாக்டர் பாராட்டக்கூட இல்லை. "கால்ல புதுப் புள்ளி இருக்கா பாருங்கோ," என்றார். சுப்பம்மா மண்டியிட்டு மகளின் காலைச் சூரிய வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பின்னால் நாற்பது தலைகள் குனிந்தன. இல்லை என்றோம். ஈறில் ரத்தம்? அன்பு ஈயென்று காட்டினாள், இல்லை என்றோம். மூக்கு? பத்து நாளாக இல்லை. வலி மாத்திரை ஏதாவது? இல்லை. உண்மையாகவா? "சத்தியமா மேடம். இனிமே உங்க கைல எதையும் மறைக்க மாட்டேன்," என்றாள் அன்பு.

"அப்ப போய் ஆடு."

யாருக்கும் புரியவில்லை. அன்புதான் கேட்டாள். "ஒரு ஆயிரம் கொறையுதே மேடம்?"

"அதே ரத்தத்த மறுபடியும் மெஷின்ல விட்டா எழுபத்தெட்டுன்னும் காட்டும், எழுபத்திரண்டுன்னும் காட்டும். உன் கபடிக் கோடு மாதிரி இல்லம்மா இது. நான் ஒரு நம்பர் சொன்னது, நீங்கள்லாம் ஸ்கோர் கேட்டுண்டே இருந்ததால. நான் பாக்கறது உன்ன. தலையில அடிபட்டா அந்த நிமிஷமே வெளிய வந்து நேரா இங்க வரணும். வாக்கு குடு." அவள் கொடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் கடிதம் போனுக்கு வந்தது. நான் அதைத் தேர்வாளரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ஐம்பத்தாறு வயதில் நான் ஓடியதைப் பார்த்துச் சந்தே சிரித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

ஆட்டத்தை எப்படிச் சொல்ல. முதல் ஐந்து நிமிஷம் அன்பு கைகளைக் கட்டிப்போட்டவள் மாதிரி நின்றாள். ஒரு மாதத்துக்கு மேல் எதன்மீதும் இடிக்காமல் வளர்ந்த பயம். மதுரைக்காரி ஒருத்தி, பதினோராம் நம்பர், உயரமாக, பாடிக்கொண்டு வந்து இவள் தோளைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். இரண்டாம் முறையும் தொட்டாள். மூன்றாம் முறை அவள் திரும்பும்போது அன்பு தாழ்ந்து, இரண்டு கையாலும் கணுக்காலை வாரினாள். அந்தப் பெண் விழுந்தபடியே கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். ஒரு விரல் தூரம். விசில் ஊதும்வரை அன்பு விடவில்லை. எங்கள் கூட்டம் போட்ட சத்தத்தில் மைதானக் காவலாளி வந்து எங்களை வேலியிலிருந்து தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நான்கு பிடி பிடித்தாள். தலையில் அடி இல்லை.

மாலை நாலரைக்குப் பன்னிரண்டு பெயர்கள் வாசித்தார்கள். பதினோராவது பெயர் நா. அன்புச்செல்வி, பட்டினப்பாக்கம். நாகராஜ் தள்ளிப்போய் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் திரும்பி வரும்வரை யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இது இன்றோடு தீர்ந்துபோகிற நோய் இல்லை என்று டாக்டர் போனில் மறுபடி சொன்னார். இறங்கலாம், மறுபடி ஏற்ற வேண்டியிருக்கலாம், புதன்கிழமை ரத்தம் தொடரும். தொடரட்டும், பலகையில் இடம் இருக்கிறது என்றேன்.

சந்துக்குத் திரும்பியதும், வெளிச்சம் போவதற்குள், பெண்கள் எல்லோரும் அதே படகின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். சுப்பம்மா மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மகள் முன்னால் குந்தினாள். பேண்ட்டை முழங்காலுக்கு மேலே ஏற்றச் சொன்னாள். தொடையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நீலம். சுப்பம்மாவின் முகம் வெளிறிப்போனது. நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

சுப்பம்மா கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். "இது யாருதுடி?"

"அந்த மதுரக்காரி முட்டிம்மா. பதினொன்னாம் நம்பர். யம்மா, அமுக்காத, உயிர் போவுது."

சுப்பம்மா இன்னொரு முறை அழுத்தினாள். அன்பு கத்தினாள்.

"வலிக்குதா? வலிக்கட்டும்டி," என்றாள் சுப்பம்மா. சிரித்தாள், அழுதாள், மீன் வாசனையோடு அந்தக் கையை மகளின் தொடையிலிருந்து எடுக்கவே இல்லை.